செம்பனின் தோல்

குரு சீடன் கதைகளில் வெள்ளைத் தாடி குருவுக்குத்தான் இருக்கும். அமராவதிக் கரையிலிருந்த அந்தச் சின்ன மடத்தில் அது சீடருக்கு இருந்தது. சீடர் மாசிலாமணிக்கு அறுபத்திரண்டு வயது. குரு வடிவம்மைக்கு நாற்பத்து மூன்று. அவர் இவரை அம்மா என்பார், இவர் அவரை ஐயா என்பார்.

மாசிலாமணி முப்பது வருடம் மருந்துக்கடை வைத்திருந்தவர். வந்தவர் வாயைத் திறக்கும் முன்பே அவர் கை சரியான மாத்திரை அட்டையை எடுத்துவிடும். கைராசிக்காரர் என்று ஊரில் பேர்.

மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதையாவது விட நினைப்பவர் அதை ஆற்றில் போட்டுவிட்டு, மூன்று முழுக்கு முழுகி, திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். ஒருவர் மூக்குப்பொடி டப்பாவை விட்டார். மாசிலாமணி கடைச் சாவியை விட்டார். மகனிடம் இன்னொரு சாவி இருந்தது என்பது வேறு விஷயம்.

செம்பன் மடத்து நாய். செங்கல் நிறம், அடர்ந்த முடி. ஒரு கோடையில் அதற்கு உண்ணி பிடித்து அரிப்பு வந்தது. சோற்றை விட்டுவிட்டுச் சொறிந்தது, தூங்கும்போதும் சொறிந்தது. மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. மகனிடம் சொல்லி ஸ்டீராய்டு மாத்திரை வரவழைத்தார். தினம் ஒன்று, சோற்றுருண்டைக்குள் வைத்துக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அரிப்பு நின்றது. மாத்திரையை நிறுத்தினால் மறுபடி வந்தது. அதனால் அவர் நிறுத்தவில்லை. பதின்மூன்று மாதம் கொடுத்தார்.

செம்பன் வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது. எவ்வளவு போட்டாலும் தின்றது. வயிறு பானை போல இறங்கியது. "மடத்துச் சோறு நல்லா ஒட்டுது" என்று எல்லோரும் அதைக் கேலி செய்தார்கள். மாசிலாமணியும் சிரித்தார். அவருக்கா தெரியாது? பார்க்க விருப்பமில்லாதவனுக்குக் கண் இருந்து என்ன.

பிறகு இரண்டு விலாவிலும் முடி கொட்டியது. தோல் மெலிந்து உள்ளே ஓடும் நரம்பு தெரிந்தது. பிடரியில் சுண்ணாம்புக் காரை போலக் கட்டி கட்டியாக இறுகி, ஓரங்களில் சீழ் வைத்தது. நாற்றம் வந்த பிறகுதான் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

மருத்துவர் பெனாசிர் சின்ன வயசுக்காரர். தோலை இரண்டு விரலால் மெல்லத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"என்ன மாத்திரை குடுத்தீங்க?"

மாசிலாமணி சொன்னார்.

"எத்தனை நாளா?"

அதையும் சொன்னார்.

பெனாசிர் தோலை விட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"அந்த மருந்து மாதிரி ஒண்ணு உடம்புக்குள்ளயே சுரக்கும். நீங்க வெளிய இருந்து கொட்டினதால உள்ள சுரக்கறது நின்னுபோச்சு. கூடிப்போனதுதான் தோலைத் தின்னுருக்கு. அந்தக் கட்டியெல்லாம் கால்சியம். பேத்து எடுக்காதீங்க, தோலும் சேர்ந்து வந்துரும். மூணு நாளைக்கு ஒருக்கா மருந்துக் குளியல். நுரை பத்து நிமிஷம் தோல் மேல நிக்கணும். தேய்க்கக் கூடாது, ஒத்தி எடுக்கணும்."

"மாத்திரை?"

"குறைச்சுக் குறைச்சுத்தான் நிறுத்தணும், சட்டுனு நிறுத்துனா உசுருக்கே ஆபத்து. அரை, அப்புறம் கால், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். மூணு மாசமாவது ஆகும். உங்களுக்கே தெரிஞ்சிருக்குமே."

தெரியும். "திடீர்னு நிறுத்தீராதீங்க" என்று கடையில் எத்தனை பேருக்கு எச்சரித்து அனுப்பியவர்.

மடத்துக்குத் திரும்பியதும் அவர் நேராக ஆற்றுக்குப் போனார். மாத்திரை முழுவதையும் தண்ணீரில் விட்டார். மூன்று முழுக்கு முழுகினார். திரும்பிப் பார்க்காமல் கரையேறினார். அன்றைக்கு அவர் முகத்தில் ஒரு தெளிச்சி இருந்ததை எல்லோரும் பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் செம்பன் எழுந்திருக்கவில்லை. வாந்தி எடுத்த இடத்திலேயே கிடந்தது. ஈறு வெளுத்து, கால் சில்லிட்டிருந்தது. வடிவம்மை தன் சேலைத்தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நாயைத் தூக்கினார். மாசிலாமணி பின்னால் ஓடினார்.

எந்த மருந்து அதைக் கெடுத்ததோ அதையேதான் பெனாசிர் ஊசியில் ஏற்றினார். செம்பன் பிழைத்தது. ஆனால் ஊசிக்குழாயை ஒட்டியிருந்த பிளாஸ்திரியை எடுத்தபோது, அந்த அகலத்துக்குக் காலின் தோலும் கூடவே வந்துவிட்டது. நாய் கத்தவில்லை. மாசிலாமணிதான் கத்தினார்.

திரும்பி வரும் வழியில் வடிவம்மை கேட்டார்.

"மாத்திரைய என்ன பண்ணுனீங்க?"

"ஆத்துல விட்டேனுங்கம்மா. இந்தக் கையால இன்னொருக்கா அதைக் குடுக்க முடியல."

"சாவியை விட்டீங்க. அது உங்களது. மாத்திரையை விட்டீங்களே, அது யாரோடது?"



மடத்தை அடைந்ததும் மாசிலாமணி அம்மையின் காலில் விழுந்தார்.

"எனக்கு ஒரு பரிகாரம் சொல்லுங்கம்மா. ஒரு மண்டலம் பட்டினி கெடக்கறேன். இல்ல, நடந்தே மலைக்கோயிலுக்குப் போறேன். செம்பனை வேற யாராச்சும் பாத்துக்கட்டும்."

"நீங்க பட்டினி கெடந்தா அதுக்கு முடி முளைக்குமா?"

"இல்லீங்க."

"அப்பச் சாப்பிட்டுட்டு வாங்க. குளியலுக்குத் தண்ணி வைக்கணும். ரொம்பச் சூடு வேண்டாம்."

அவர் சாப்பிட்டுவிட்டு வந்தார். மருந்தைக் கையில் நுரைக்கவைத்து, பூச்சி கடித்த குழந்தைக்குத் தடவுவதுபோலத் தடவினார். பத்து நிமிடம் நாயை மடியிலேயே வைத்துக்கொண்டார். பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு மெல்லத் தண்ணீர் விட்டு, பழைய வேட்டித் துணியால் ஒத்தி எடுத்தார். துணியில் ரத்தமும் முடியும் வந்தன.

அன்றிலிருந்து, பெனாசிர் மறுபடி எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பிளேடால் நறுக்கி அவரே கொடுத்தார். அரை. பிறகு கால்.

மாத்திரை குறையக் குறைய, பழைய அரிப்பு திரும்பி வந்தது. இப்போது சொறிந்தால் தோல் காகிதம் போலக் கிழிந்தது. பெனாசிர் தந்த வேறு மருந்துகள் கொஞ்சம்தான் கேட்டன. மாசிலாமணி அதன் பின்னங்கால்களுக்குத் துணியுறை தைத்துப் போட்டார். செம்பன் உறையைக் கடித்துக் கழற்றியபோது கால்களைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நாய் அவர் கையை நக்கும். பிறகு சொறியப் பார்க்கும். விட மாட்டார். மறுபடி நக்கும்.

ஒருநாள் அவர் தாங்காமல் வந்து நின்றார்.

"அம்மா, ஒரே ஒரு முழு மாத்திரை. ஒரே ஒருநாள் அது நிம்மதியாத் தூங்கட்டும்."

"குடுங்களேன்."

மாசிலாமணி காத்திருந்தார். அம்மை கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அவர் போய்ப் பெட்டியைத் திறந்தார். வெகுநேரம் மாத்திரையைக் கையில் வைத்திருந்தார். பிறகு கால் மாத்திரை மட்டும் நறுக்கிக் கொடுத்துவிட்டு, நாயின் கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்தாவது வாரத்தில், குளியலின்போது, நுரைக்குள் நாயை வைத்துக்கொண்டு அவர் பேசினார். அம்மை பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு இருந்தார்.

"இது என்னை ஒருக்காக்கூடக் கடிக்கலீங்கம்மா. தோல் கிழியுது, அப்பவும் வாலை ஆட்டுது. நான் வர்ற சத்தம் கேட்டா எந்திரிக்கப் பாக்குது. கடிச்சிருந்தா எனக்கு எவ்வளவோ தேவலைங்க."

"உங்களுக்குத் தேவலை. அதுக்கு?"

அவர் நாயின் கண்ணுக்குள் போகாமல் நுரையை ஒதுக்கிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மை சொன்னார்.

"பத்து நிமிஷம் ஆச்சு. தலையைப் பிடிங்க, ஊத்தறேன்."

பன்னிரண்டாவது வாரம் மாத்திரை தீர்ந்தது. இரண்டு நாள் செம்பன் நன்றாகவே இருந்தது. தண்ணீர் குடிப்பது குறைந்திருந்தது, வயிறு கொஞ்சம் ஏறியிருந்தது. வலது விலாவில் பூனைமுடி போல ஏதோ முளைக்கிற மாதிரி மாசிலாமணிக்குத் தோன்றியது. அம்மையைக் கூப்பிட்டுக் காட்டினார். அம்மை குனிந்து பார்த்துவிட்டு, "ஆமாங்க, முளைக்குது" என்றார்.

மூன்றாம் நாள் காய்ச்சல் கண்டது. பிடரியில் இருந்த புண் ஒன்றின் வழியாகச் சீழ் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார் பெனாசிர். ஊசிமேல் ஊசி போட்டுப் பார்த்தார். "நீங்க எல்லாம் சரியாத்தான் செஞ்சீங்க ஐயா" என்றார். இந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

மறுநாள் நடுப்பகலில் செம்பன் செத்துப்போனது. கடைசியாக மாசிலாமணி பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோதும் வாலின் நுனி இரண்டு தடவை அசைந்தது.

அவரே குழி வெட்டினார். தோல் உரியாமல் தூக்க வேண்டுமென்று அது படுத்திருந்த பழைய வேட்டியோடு சேர்த்துத் தூக்கி இறக்கினார். செத்த உடம்புக்கு வலிக்காது என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. மண்ணைக் கையால்தான் தள்ளினார்.

எல்லாம் முடிந்து கை கழுவாமலே வந்து அம்மைக்கு எதிரில் நின்றார். முதல் நாளிலிருந்து கேட்க நினைத்ததை அன்றைக்குத்தான் கேட்டார்.

"அம்மா, அது என்னை மன்னிச்சிருக்குமுங்களா?"

வடிவம்மை அவர் கையிலிருந்த மண்ணைப் பார்த்தார். பதில் சொல்ல அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

"அதுக்கு உங்க மேல ஒருநாளும் கோவம் வரலீங்களே ஐயா. அப்புறம் எப்படி மன்னிக்கும்?"