வாசலில் கட்டிய கட்டியக்காரர்

முன்னொரு காலத்தில், கனவில் கண்டதையெல்லாம் காலையில் சட்டமாக்கிவிடும் அரசர் ஒருவர் இருந்தார். பெயர் அதிரூபவர்மர். மீன்கள் பறப்பதாக அவர் கனவு கண்டால், விடிந்ததும் மரத்துக்கு மரம் வலை தொங்கும்.

ஒருநாள், நாய் ஒன்று தம் சிங்காசனத்தில் படுத்துக் கொட்டாவி விடுவதாகக் கனவு கண்டார். உடனே பிறந்தது நாய்ச் சட்டம். நாயை வளர்ப்பவர் கயிற்றைக் கையில் பிடிக்க வேண்டும். அது தெருவை அசுத்தம் செய்தால் அள்ள வேண்டும். கடித்தால் வைத்தியமும் பார்க்க வேண்டும். கனவில் பிறந்த சட்டத்துக்கு இவ்வளவு புத்தியா என்று ஊரே வியந்தது.

பிரதானி சூரசிங்கருக்குத்தான் அது போதவில்லை. அவருடைய கோபமெல்லாம், சபையில் தம்மைக் கேலி செய்யும் விகடகவி பொன்னுரங்கன்மேல். அரசரைத் துயிலெழுப்பப் பாடும் தையல்நாயகியை அரண்மனைக்கு அழைத்து வந்தவன் அவன். அவளுக்குக் கண் தெரியாது. மேகம் என்ற சாம்பல்நிற நாய் முன்னே நடந்து, படி வந்தால் ஒரு குரல் கொடுக்கும். அவள் பின்னே வருவாள்.

"அரசே! 'நாய் நுழையக் கூடாது' என்று எழுதினால், 'இது நாயல்ல, வளராத குதிரை' என்பான் இந்த விகடன். ஆகையால் இப்படி எழுதுவோம்: எசமானுக்கு முன்னே நடந்து, குரல் கொடுத்து வழிகாட்டும் எதுவாயினும், யாருடையதாயினும், கோட்டை வாசலிலேயே கட்டப்படும், மாலையில் ஆற்றின் அக்கரைக்குத் துரத்தப்படும். கட்டும் பொறுப்பும் பொன்னுரங்கனுக்கே!" என்றார் சூரசிங்கர்.

அரசர் பாதித் தூக்கத்தில் முத்திரை வைத்தார்.

மறுநாள் பனி மூடிய விடியலில், மேகத்தைக் கோட்டை வாசல் கம்பத்தில் கட்டும்போது பொன்னுரங்கன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பூனை குறுக்கே வந்தால்கூட வழிவிட்டு நிற்கும் வீரன் அவன். நாயின் கண்ணை எப்படிப் பார்ப்பான்?

"சட்டம்னா சட்டம்தான் அண்ணே," என்றாள் தையல்நாயகி. "மேகத்த அக்கரைக்கு அனுப்பினா நானும் அங்கேயே போயிடுறேன். ஆனா படகுத்துறை வரைக்கும் எனக்கு யாரு வழி காட்டுவா?"

அப்போது பனிக்குள்ளிருந்து கட்டியக்காரர் வேலப்பர் வந்தார். அந்த அரச குலத்தில் முடி சூடியவர் தலை குனியக் கூடாது. கீழே பார்க்கவே கூடாது. ஆகவே வேலப்பர்தான் முன்னே நடந்து, "பராக்! படி வருகிறது, பராக்!" என்று கூவி அரசரைச் சபைக்கு அழைத்துப் போவார்.

பொன்னுரங்கன் அவரையே உற்றுப் பார்த்தான். பிறகு இன்னொரு கயிற்றை எடுத்தான்.

"டேய், என்னடா பண்றே? மூணு தலைமுறைக் கட்டியக்காரன்டா நான்!"

"கோவிச்சுக்காதீங்கண்ணே. உங்களுக்குப் பட்டுக் கயிறு."

ஒரே கம்பத்தில் கட்டுண்ட வேலப்பரும் மேகமும் ஒருவரையொருவர் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள்.

அரண்மனையில் அதிரூபவர்மர் தாமாகவே எழுந்தார். துயிலெழுப்பும் பாட்டு இல்லை. பராக் குரலும் இல்லை. 'இன்னும் விடியவில்லை போலும். கனவில்தான் நடக்கிறோம்' என்று எண்ணி, முடியைச் சூடி, முகத்தை நிமிர்த்திப் பனிக்குள் நடந்தார். பனி பாலாக ஓடியது, மாடங்கள் மிதந்தன. கனவுக்குள் படி ஏது என்று காலை வைத்தார். தாமரைக் குளம் அவரை மெல்ல வாங்கிக்கொண்டது.

முழங்கால் தண்ணீர்தான். ஆயினும் ஓடி வந்த பொன்னுரங்கனுக்குத் தன் தலை தோளில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கத் தோன்றியது.

"கட்டியக்காரர் எங்கே?" தாமரை இலைகளுக்கு நடுவில் அமர்ந்தபடி அரசர் கர்ஜித்தார்.

"வாசலில் கட்டியிருக்கிறேன், அரசே. அவர் தங்களுக்கு முன்னே நடந்து, குரல் கொடுத்து வழிகாட்டுகிறவர் அல்லவா? மாலையில் அக்கரைக்குத் துரத்த வேண்டும். சட்டம்."

"துரோகம்!" என்று அலறினார் சூரசிங்கர். "வேலப்பரும் நாயும் ஒன்றா?"

"நானா ஒன்றாக்கினேன், பிரதானியாரே? 'எதுவாயினும், யாருடையதாயினும்' என்று எழுதியது யார்?"

"அவர் இல்லாமல் நான் எப்படியடா நடப்பேன்? அவர் என் கண்!" என்றார் அரசர்.

"தையல்நாயகியும் அதையேதான் சொல்கிறாள், அரசே. என்ன, அவள் விழுந்தால் தூக்கிவிட இத்தனை பேர் ஓடி வரமாட்டோம்."

அரசர் தம் மடியிலிருந்த தாமரை மொட்டைப் பார்த்தார். அதைப் பார்க்கத் தாம் தலை குனிந்திருப்பதையும் உணர்ந்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

குளத்திலிருந்தபடியே சட்டம் திருந்தியது. கயிறும் பொறுப்பும் எல்லோருக்கும் உண்டு. ஆனால் எசமானுக்குக் கண்ணாக நடக்கும் நாயைத் தடுப்பவர், சீண்டுபவர், வேலை நேரத்தில் தின்பண்டம் காட்டி மயக்குபவர் எவரானாலும் தண்டனை. இரண்டு முடிச்சுகளையும் தம் கையாலேயே அவிழ்த்து வரப் பிரதானி அனுப்பப்பட்டார்.

பொன்னுரங்கனுக்குப் பொன்சரிகைச் சால்வை போர்த்தப்பட்டது. சற்று நேரத்தில் தையல்நாயகி, மேகம் முன்னே வர, சபைக்குள் நுழைந்தாள். அவள் பாடத் தொடங்கியதும் மேகம் தன் வேலை முடிந்ததென்று நேரே பொன்னுரங்கனிடம் வந்தது. தரையில் புரண்ட சால்வை நுனியில் சுருண்டு படுத்துத் தூங்கிப்போனது.

அதை எழுப்ப மனமில்லாமல், விகடகவி அன்று மாலை வரை அசையாமல் நின்றான். அரசர் பார்க்கும்போதெல்லாம் சிரித்தார்.