குச்சி தேங்கிய வாசல்

சிங்கம் அனுப்பிய மேற்பார்வையாளரான கொண்டலாத்திப் பறவை, முதலில் பெருச்சாளியின் மதியத் தூக்கத்தைப் பறித்தது. அடுத்து, நண்டு பிசைந்து வைத்திருந்த களிமண்ணை ஆற்றில் கொட்டச் சொன்னது. மூன்றாவதாக, அணில் சேர்த்த புல்லைக் காற்றில் விடச் செய்தது.

"தேவைக்கு மேல் எதுவும் இருக்கக் கூடாது. நான் முன்பு மேற்பார்த்த தேன்கூட்டில் அப்படித்தான் வேலை நடந்தது" என்றது.

நான்காவது அநியாயம்தான் பெருச்சாளியைக் குழப்பியது.

அந்த மூவரும் ஆற்றங்கரையில் பட்டறை வைத்து, மற்ற மிருகங்களுக்கு வளை அமைத்துத் தந்தார்கள். வருகிறவர் தன் உடல் நீளத்துக்கு ஒரு குச்சியைப் பெருச்சாளியின் வாசலில் நட்டுவிட்டுப் போவார். அதைப் பார்த்துப் பெருச்சாளி தோண்டும், நண்டு பூசும், அணில் புல் பரப்பும். முள்ளம்பன்றிக்கு அகலம் வேண்டும். முயலுக்கு இரண்டு வாசல் வேண்டும். ஒரு வளை போல் இன்னொன்று இருந்ததில்லை.

"இனிக் குச்சிகள் என்னிடம் வரட்டும். ஒவ்வொரு வேலைக்கும் நான் நேரம் குறித்துத் தருவேன். அதுவரை யாரும் மண்ணில் நகம் வைக்கக் கூடாது. யார் வாசலில் குச்சி தேங்குகிறதோ, அவர் பெயரைச் சபையில் சாட்சிகள் முன், அறிவிப்பாளரான நாரை வாசிக்கும். அவர் பட்டறையை விட்டுப் போக வேண்டும்" என்றது கொண்டலாத்தி.

குச்சிகள் போயின. ஒன்றும் திரும்பி வரவில்லை. காடெங்கும் வளை கேட்கிறார்கள், தன் வாசலோ வெறிச்சோடிக் கிடக்கிறது. பெருச்சாளிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

உடும்பு மூச்சு வாங்க வந்தது. "மாமா, வயிற்றில் முட்டை. மழைக்குள் வளை வேண்டும்."

"உன் குச்சி எங்கே தாயி?"

"அந்தக் கொண்டைக்காரரிடம். கேட்டால், 'தேன்கூட்டில் உடும்பு இல்லையே, உனக்கு எவ்வளவு நேரம் குறிப்பது?' என்று என்னையே கேட்கிறார்."

மேகம் கறுத்த அன்று சபை கூடியது.

"வேலை நின்றுவிட்டது. சும்மா உட்கார்ந்திருப்பவர் யார் என்று எல்லோரும் பார்க்கிறீர்கள்" என்றது கொண்டலாத்தி.

"உட்கார்ந்திருந்தேன்தான்" என்றது பெருச்சாளி. "ஆனால் உன் விதி ஆளைப் பார்க்கச் சொல்லவில்லை, வாசலைப் பார்க்கச் சொல்கிறது. நாரையாரே, ஒரு நடை போய் வாருங்கள்."

நாரை போனது. மூன்று வாசல்களும் துடைத்தாற்போல் இருந்தன. கொண்டலாத்தியின் வாசலான மரத்தடியிலோ, நெட்டையும் குட்டையுமாய்க் குச்சிகள். கால் வைக்க இடமில்லை. அதற்குள் பெருச்சாளி அங்கே நுழைந்து, உடும்பின் குச்சியைத் தேடி எடுத்துக்கொண்டு தோண்ட ஓடியது.

சபை முன் நின்று, நாரை தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தது: "கொண்டலாத்தி."

இன்னோர் இடத்தில் பலித்த முறையை, இங்குள்ள வேலை என்னவென்று பாராமல் புகுத்துகிறவரே வேலைக்கு முதல் தடை.