வாசற்படி தாண்டாத புத்தகம்

பெரிய நூலகத்தின் தலைவர் அருமைநாயகம் சொன்னால் சொன்னதுதான். “எங்கள் புத்தகம் வாசற்படி தாண்டாது. நகலும் கிடையாது.”

மலையடிவார நூலகத்து உதவியாளர் பவளக்கொடி எதிரே நின்றாள். அவள் ஊர் ஆஸ்பத்திரியில் இன்னதென்று தெரியாத காய்ச்சலில் ஒரு பிள்ளை கிடந்தது. டாக்டர் கேட்ட பக்கங்கள் இங்குள்ள பழைய மருத்துவ நூலில் மட்டுமே இருந்தன.

“சரிங்கய்யா. அப்ப உங்க மேசையில இருக்கிற எங்க புத்தகத்தைக் குடுங்க.”

நாளைய சொற்பொழிவுக்கென்று அவர் இரவல் வாங்கிய நூல் அது. முகப்பில் அவள் நூலகத்து முத்திரை. வாங்கும்போது மட்டும் வாசற்படி நினைவில்லை போலும்!

அவர் குரல் இறங்கியது. “எந்தப் பக்கம்மா?”

கைபேசியில் படமெடுத்த பக்கங்கள் அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போயின.

பவளக்கொடி தன் புத்தகத்தை அவர் பக்கமே நகர்த்தினாள். “வெச்சுப் படிங்கய்யா. எங்க ஊருப் புத்தகம் வாசற்படி தாண்டும்.”