ஹெப்சிபாவின் புதன்கிழமை

அந்த இறால் நோய் ஆராய்ச்சி நிலையத்தில் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் ஒன்றே ஒன்றுதான். ஆய்வாளர்கள் பதினான்கு பேர். யார் எப்போது அதில் உட்காரலாம் என்று வாசலில் ஒரு பலகை தொங்கும். புதன்கிழமை காலைக்கு மட்டும் பதினோரு வருடமாக ஒரே பெயர்: ஹெப்சிபா. அவர்தான் நிலையத்தின் தலைவர்.

"தலைவர்னா கொடுத்துவச்சவங்க" என்று கேன்டீனில் பேசிக்கொள்வார்கள். கொடுத்துவைத்தவரின் நாளோ ஜெனரேட்டர் டீசலுக்குக் கையெழுத்து, மேலிடத்துக்குப் பதில், இரண்டு பேர் சண்டைக்குப் பஞ்சாயத்து என்றே போய்விடும். மதியச் சாப்பாடு நான்கு மணிக்கு. அதுவும் பாதிதான் இறங்கும்.

அவர் ஓய்வுபெறும் வாரம் வந்தது. பொறுப்பேற்க வந்த இளம்பரிதி அவருடைய பழைய மாணவர்தான். வயது ஐம்பதை நெருங்குகிறது. இறாலைக் கொல்லும் ஒரு வைரஸின் பின்னால் மூன்று வருடம் அலைந்தவர். அந்த மைக்ரோஸ்கோப்பில் இன்னும் ஒரே ஒரு படம் எடுத்தால் ஆய்வு முடிந்துவிடும். வேறு ஊரில் ஒரு குழுவும் அதையே துரத்திக்கொண்டிருந்தது. நாற்காலியோடு புதன்கிழமையும் சேர்ந்து வருகிறதே என்று அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

மைக்ரோஸ்கோப்பில் உட்கார்ந்தவர்கள் கையெழுத்திடும் பதிவேட்டைப் புரட்டினார். புதன்கிழமைகளில் யார் யாரோ இருந்தார்கள். ஹெப்சிபா ஒரு நாள்கூட இல்லை.

"மேடம், நீங்க ஒரு தடவைகூட உட்காரலையா?"

"எங்க உட்கார? வாரா வாரம் யாருக்காவது சாம்பிள் கெட்டுப்போகும். கண்ணைக் கசக்கிக்கிட்டு வந்து நிப்பாங்க. புதன் காலையில நீ போய் உட்காருன்னு அனுப்பிடுவேன்."

"அப்போ பலகையில 'அவசரத்துக்கு'ன்னு எழுதியிருக்கலாமே. எதுக்கு வீணா கெட்ட பேரு?"

"அப்படி எழுதினா திங்கட்கிழமையே நாலு பேருக்கு அவசரம் வந்துடும். என் பேரு இருந்தா எவனும் கிட்ட வர மாட்டான்."

இளம்பரிதிக்கு அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. இத்தனை வருடம் பழகியும் இது தெரியவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது.

"உங்க சொந்த ஆராய்ச்சி?"

"பாதியில நிக்குது. வருத்தம் இல்லைன்னு சொன்னா பொய்."

அப்போது ஆராய்ச்சி மாணவி தஸ்லீமா கதவைத் தட்டிவிட்டு வந்தாள். கரண்ட் போனதில் அவள் சாம்பிள் முழுதும் கெட்டுப்போயிருந்தது. திரும்பவும் தயார் செய்துவிட்டாள். ஆனால் பலகையில் ஐந்து வாரத்துக்கு இடமில்லை.

"எனக்கு இந்த மாசத்தோட ஆராய்ச்சிக் காலம் முடியுது மேடம்."

"வெளியில கொஞ்சம் இரும்மா. இனிமே சார்தான் சொல்லணும்."

அவள் வெளியே போனாள். மறுநாள் புதன்கிழமை. இளம்பரிதி பதிவேட்டை மூடிவைத்தார்.

"மேடம், இந்த ஒரு புதன் மட்டும் நான் எடுத்துக்கட்டுமா?"

ஹெப்சிபா சாவிக்கொத்தை அவர் கையில் வைத்தார்.

"தாராளமா எடுத்துக்கோ. யாரும் உன்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டாங்க. இந்த வேலையில கஷ்டமே அதுதான் பரிதி."