குதிரைக்குப் பின்னால் போகிறவர்கள்

விலங்குகளுக்கெல்லாம் பேச்சு இருந்த அந்தக் காலத்தில், குதிரை மட்டும் அதிகம் பேசாது. பேசினால் உள்ளதைத்தான் பேசும். அந்நாளில் அதன் காதுகள் எப்போதும் பனங்குருத்து மாதிரி விறைத்து நிற்கும். எந்தப் பக்கமும் திரும்பாது.

கடலுக்குள் உவர்மேடு என்றொரு மணல்திட்டு இருந்தது. அங்கே உப்பு உண்டு, நண்டு உண்டு, குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீர் கிடையாது. கரையில் இருந்த ஊற்றுக்குப் போக வேண்டுமானால் கடல் வற்றும் நேரம் பார்த்துச் சேற்றைக் கடக்க வேண்டும். திரும்புவதற்குள் ஓதம் ஏறிக் கடல் மூடிவிடும். அப்போது எழும் நீர்ச்சுழலில் படகும் தாங்காது. எருதையும் கழுதையையும் பழக்கிப் பார்த்தார்கள், இரண்டும் பாதிச் சேற்றில் புதைந்துபோயின. கடைசியில் சேந்தன் என்பவன் தன் பெண்டாட்டி கொற்றியைக் கூட்டிக்கொண்டு, கரையோரத் தாழங்காட்டில் திரிந்த சாம்பல் நிறக் குதிரையிடம் போனான்.

"எங்களுக்குத் தண்ணி சுமந்து குடு. எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ய மாட்டேன்னு எருது சத்தியம் பண்ணுச்சு, கழுதையும் பண்ணுச்சு. நீயும் பண்ணிடு" என்றான்.

"வரச் சொன்னா வர்றேன். சத்தியம் மட்டும் கேக்காதே" என்றது குதிரை. "பயம் வந்துட்டா எதிர்ல நிக்கிறது யாருன்னு எனக்குத் தெரியாது. என் காலுக்கும் தெரியாது."

சேந்தன் விழுந்து விழுந்து சிரித்தான். "இவ்வளவு வெள்ளந்தியாப் பேசுறது நம்மளை என்ன செஞ்சிடும் புள்ள?" கொற்றி சிரிக்கவில்லை. ஆனால் வீட்டில் பானை காலி. அவள் குதிரைக்கு வழிகாட்டி முன்னால் நடந்தாள்.

முதல் நாள் தண்ணீர்த் தோற்பைகளோடு குதிரை திரும்பியதை உவர்மேடே திட்டின் விளிம்பில் நின்று பார்த்தது. பின்னால் ஓதம் இரைந்துகொண்டு வர, அதற்கு முன்னால் சேறு தெறிக்கக் குதிரை வந்தது. சேந்தன் அதன் பிடரியோடு பிடரியாக ஒட்டிக் கிடந்தான். கடலை ஓடி ஜெயிக்கிற உயிர் ஒன்று உண்டு என்று அதுவரை யாருக்குத் தெரியும்? கொற்றிக்கு மயிர்க்கூச்செறிந்தது. தன்னையறியாமல் கைகூப்பினாள்.

மூன்று மழைக்காலம் இப்படிப் போனது. சேந்தனும் குதிரையும் ஒட்டிப் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். வினையே அங்கேதான் வந்தது. ஒரு நண்பகலில் குதிரை நின்றபடியே கண்ணயர்ந்திருந்தது. சேந்தன் கரையிலிருந்து ஒரு பிடி இளம்புல் கொண்டுவந்திருந்தான். விளையாட்டுக் காட்டலாமென்று, சத்தமில்லாமல் பின்னால் போய் அதன் தொடையைத் தட்டினான். ஒரே உதை. கொற்றி ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புல் மட்டும் அவன் கையிலேயே இருந்தது.

"கொன்னு போடுங்க அதை" என்றார்கள் சிலர். "தண்ணிக்கு?" என்றார்கள் மற்றவர்கள். மூன்றாம் நாள் பானைகள் வறண்டன. பிள்ளைகள் அழக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தன. ஊர் கொற்றியின் முகத்தைப் பார்த்தது. அவள் எழுந்து குதிரையிடம் நடந்தாள்.

நீர் விளிம்பில் அது ஒரு வாய்கூடத் தின்னாமல் நின்றது.

"நீ இன்னும் போகலையா?"

"அவன்தான்னு எனக்குத் தெரியல கொற்றி."

"தெரியும். நீ முதல்லயே சொன்ன. நாங்கதான் காதுல வாங்கல." சொல்லும்போதே அவளுக்கு அழுகை பீறிட்டது. குதிரையைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை, பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

"நாளைக்கும் நடக்கலாம். உனக்கே நடக்கலாம்."

கொற்றி கண்ணைத் துடைத்தாள். "அது தெரிஞ்சுதான் வந்திருக்கேன்."

குதிரை தலையைத் தாழ்த்தியது. பிறகு சொன்னது: "பயம் வரும்போது எனக்கு வாய் வர்றதில்ல. யாருன்னு அன்னிக்கு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவன் இருந்திருப்பான். ஆபத்துக்கு உதவாத பேச்சு எனக்கு எதுக்கு? நீயே வெச்சுக்கோ. என் பின்னால வரும்போதெல்லாம் ரெண்டு பேருக்கும் சேர்த்து நீயே பேசு. நான் கேட்டுக்கிட்டிருப்பேன்."

அவள் உள்ளங்கையில் மூக்கைப் பதித்து மூச்சை விட்டது. அந்தச் சூடு அவள் முழங்கை வரை ஏறியது. அதற்குப் பிறகு குதிரை எந்நாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் கல்லாய் நின்ற காதுகள் நடுங்கின. ஒரு காது, மெல்ல மெல்ல, அவள் பக்கம் திரும்பியது. 

தோற்பைகளை இரண்டு பக்கமும் கட்ட வேண்டும். முன்னால் கடல் என்பதால் பின்புறமாகச் சுற்றித்தான் போக வேண்டும், சேந்தன் நின்ற அதே இடத்தின் வழியாக. கொற்றி அதன் கழுத்தில் கை வைத்தாள். கையை எடுக்காமல் முதுகோடு தடவிக்கொண்டே நடந்தாள். 

"நான்தான்... கொற்றி. பின்னாலதான் வர்றேன். இப்ப வால் பக்கம் வந்துட்டேன். இங்கதான் அவரு நின்னாரு. நான்தான், நான்தான்."

திரும்பிய காது அவள் குரலோடு கூடவே வந்தது. பின்னங்கால் ஒருமுறை சிலிர்த்தது. தரையை விட்டு எழும்பவில்லை. அன்று மாலை உவர்மேட்டில் எல்லாப் பானையிலும் தண்ணீர் இருந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான் இது: எவ்வளவு பழகிய குதிரையானாலும், குதிரைக்காரர்கள் அதன் மேல் ஒரு கையை வைத்து, ஏதாவது பேசிக்கொண்டேதான் பின்னால் சுற்றி வருகிறார்கள். குதிரையும் ஒரு காதைத் திருப்பிக் கேட்டுக்கொண்டு நிற்கிறது. சத்தியம் மட்டும் இன்றுவரை செய்து கொடுத்ததில்லை.