கொம்புமலை உச்சியில் ஐந்து வாட்

மைக் செட் பொன்னுரங்கத்துக்கு அறுபதாவது வயதில் ஒரு குரு வாய்த்தார். குரு அவரைவிட இருபது வயது இளையவர். பெயர் பூங்கோதை. தாலுகா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. ஒழிந்த நேரத்தில் ரேடியோ. உரிமம் வாங்கி, மாடியில் கம்பி கட்டி, கண்காணாத ஊர்க்காரர்களோடு பேசுகிற ஹாம் ரேடியோ.

பொன்னுரங்கம் அவரைத் தேடிப் போனதற்குக் காரணம் கொம்புமலை.

கொம்புமலையில் செல்போன் எடுக்காது. சித்ரா பௌர்ணமிக்கு ஜனம் மலையேறும்போது, பூங்கோதையின் ரேடியோ சங்கத்தார் அடிவாரத்தில் ஒன்றும் உச்சியில் ஒன்றுமாக ரேடியோ வைத்துக்கொண்டு உட்காருவார்கள். மேலே யாருக்காவது ஏதாவது ஆனால் கீழே சொல்வார்கள். உடனே ஆளைச் சுமந்து இறக்க டோலிக்காரர்கள் ஏறுவார்கள்.

போன வருஷம் உச்சியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஒருத்தர் விழுந்துட்டாரு. இடம் வந்து..."

அதோடு நின்றது. மேலே பேட்டரி தீர்ந்துவிட்டது. டோலிக்காரர்கள் தெரியாத இடத்தையெல்லாம் தேடி அலைந்தார்கள். விழுந்தவர் பிழைத்தார். ஆனால் ஒரு கால் போயிற்று.

காணாமல்போன குழந்தைகளின் பெயரை மைக்கில் அறிவிப்பதற்காக அன்று அடிவாரத்தில் இருந்தவர் பொன்னுரங்கம். அந்தப் பாதிக் குரல் அவர் காதைவிட்டுப் போகவில்லை. திருவிழா முடிந்ததும் பூங்கோதை வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அம்மிணி, பாதிப் பேச்சுல நிக்காத ரேடியோ ஒண்ணு பண்ணோணும். கத்துக் குடுப்பீங்களா?"

"நீங்க எனக்குப் பெரியவருங்கண்ணா."

"வயசுலதான். இதுல நான் எல்.கே.ஜி."

படித்தார். பரீட்சை எழுதினார். உரிமமும் வந்தது. அவர் மனைவி சரசாத்தாள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஊர்க்காரங்க காதையெல்லாம் செவிடாக்கியாச்சு. இனி ஆகாசத்தையும் விடமாட்டீங்களாக்கும்?"

அவள் சொன்னதில் பொய் இல்லை. பொன்னுரங்கத்தின் தொழிலில் சத்தம்தான் மரியாதை. பக்கத்து ஊர்த் திருவிழாவில் நாலு குழாய் ஸ்பீக்கர் கட்டினால் இவர் எட்டுக் கட்டுவார். நடுப்பாட்டில் ஃபியூஸ் போனால் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிச் சொருகிவிட்டுப் பாட்டைத் தொடருவார். பாட்டு நிற்கக் கூடாது. அதுதான் அவர் கற்ற முதல் பாடம்.

இந்த வருஷத் திருவிழா நெருங்கியது. உச்சிக் கொட்டகைக்குத் தன்னை அனுப்ப வேண்டும் என்று பொன்னுரங்கம் ஆசைப்பட்டார். கனத்த பழைய பேட்டரிக்குப் பதிலாக லித்தியம் செல்களை வாங்கித் தாமே ஒரு பேட்டரி கட்டினார். கைப்பிள்ளை கனம்தான் இருந்தது. குருவை வீட்டுக்கு அழைத்துக் காட்டினார்.

"குருவே, நான் உச்சிக்குத் தயாரா?"

"பெட்டியைத் தெறங்க."

பூங்கோதை குனிந்து பார்த்தார். செல்கள் அசையாமல் இறுகக் கட்டியிருந்தன. ஒன்றுகூட உப்பியிருக்கவில்லை. திருகுகள் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி டேப் சுற்றியிருந்தது. சிவப்பு ஒயர் புறப்படுகிற இடத்திலேயே ஃபியூஸ்.

"வெள்ளித்தாளா?"

"சேச்சே! நெசமான ஃபியூஸ் அம்மிணி."

"சார்ஜர்? அந்தப் பழைய லாரி பேட்டரி சார்ஜரா?"

"இல்லைங்க. லித்தியத்துக்குன்னே தனியா வாங்கினது."

"நல்லா இருக்குங்கண்ணா" என்றார் பூங்கோதை. பொன்னுரங்கத்துக்கு முகம் மலர்ந்தது.

பிறகு பூங்கோதையின் விரல் ஓரிடத்தில் நின்றது. செல்களுக்குக் காவலாக ஒரு பச்சை போர்டு இருந்தது. அதன் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் குறுக்கே தடித்த தாமிரக் கம்பி ஒன்று பற்றவைத்திருந்தது.

"இது?"

பொன்னுரங்கம் தொண்டையைச் செருமினார். "அந்த போர்டு தொல்லை பண்ணுதுங்க. ஃபுல் பவர்ல, அம்பது வாட்ல, நாலு வார்த்தை சேர்ந்தாப்புல பேசினா கரண்டை அறுத்துடுது. பாதிப் பேச்சுல! அதுக்குத்தானே நான் இத்தனை பாடுபட்டேன்? அதான் போர்டைச் சுத்திக் கம்பி போட்டுட்டேன். இனி அது தூங்கட்டும்."

"பெரிய போர்டு கெடைக்கலையா?"

"சொல்லியிருக்கேன். திருவிழா முடிஞ்சுதான் வருமாம்."

பூங்கோதை அந்தக் கம்பியை விரலால் தட்டினார். பிறகு கேட்டார்.

"சார்ஜ் நெறஞ்சா போதும்னு நிறுத்தறது யாரு?"

"அந்த போர்டு."

"செல் ஒண்ணு மட்டும் சோர்ந்துட்டா பாத்துச் சொல்றது?"

"அந்த போர்டுதான்."

"மேல சோலார் பலகை நாள் முழுக்க சார்ஜ் ஏத்திக்கிட்டே இருக்கும். உங்க போர்டு?"

"தூங்குது" என்று சொல்லிவிட்டு, சொன்னது தமக்கே பிடிக்காமல் பொன்னுரங்கம் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "ஆனா ஒண்ணும் ஆகாதுங்க அம்மிணி. இதை நான் கட்டியிருக்கேன். என் உசிரையே வெப்பேன்."

"உங்க உசிரு வேண்டாங்கண்ணா. பாப்பா எங்க?"

"பேத்தியா? உள்ள, தொட்டில்ல தூங்குது."

"இந்தப் பெட்டியைக் கொண்டுபோய்த் தொட்டிலுக்கு அடியில வெச்சு சார்ஜ் போடுங்க. வந்து சொல்லுங்க, உங்களை உச்சிக்கு அனுப்பறேன்."

"அவ்வளவுதானே?"

பொன்னுரங்கம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அறை வாசலில் நின்றார். புடவைத் தொட்டில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. துணி விளிம்பில் ஒரு சின்ன முஷ்டி மட்டும் வெளியே தெரிந்தது. ஒரு காலை எடுத்து உள்ளே வைத்தார். அடுத்த காலை எடுத்து வைக்கச் சொன்னார். கால் கேட்கவில்லை.

அவர் திரும்பி வந்தபோது பூங்கோதை சரசாத்தாள் கொடுத்த காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வெச்சாச்சா?"

பொன்னுரங்கம் கட்டிங் பிளேயரை எடுத்தார். கம்பியை இரண்டு பக்கமும் நறுக்கினார். போர்டு விழித்துக்கொண்டது.

"அப்ப நான் உச்சிக்கு வரலைங்க" என்றார். குரல் இறங்கியிருந்தது. "போன வருஷம் மாதிரி பாதியில நின்னுபோனா என்னால தாங்க முடியாது. வேற ஆளை அனுப்புங்க."

"நீங்கதான் போறீங்க. அந்த போர்டோட."

பூங்கோதை எழுந்தார். மேஜைமேல் இருந்த ரேடியோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு பொத்தானை இரண்டு தடவை அழுத்தினார். ஐம்பது என்று இருந்த இடத்தில் ஐந்து என்று வந்தது. சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

'கை பட்டுடுச்சு போல' என்று நினைத்தார் பொன்னுரங்கம். பழைய பழக்கத்தில், யோசிக்காமலே, அதைத் திரும்ப ஐம்பதுக்கு ஏற்றிவைத்தார்.

திருவிழா அன்று மத்தியானம் கொம்புமலை உச்சியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. தரிசனத்துக்கு வந்த ஜனமெல்லாம் தகரக் கொட்டகைக்குள் அடைந்தது. நனைந்த துணியும் விபூதியும் சேர்ந்து மணத்தன. போர்டு அறுத்துவிடும் என்று பயந்து, காலையிலிருந்து பொன்னுரங்கம் ஓரிரு வார்த்தைகளில்தான் பேசியிருந்தார். "உச்சி, நலம்." "கூட்டம் அதிகம்." அதற்கெல்லாம் போர்டு பொறுத்துக்கொண்டது.

"மைக் செட்டு அண்ணா! மழைக்கு ஒரு பாட்டு போடறது?" என்று ஒருவர் கேலி பேசினார்.

"ஸ்பீக்கரைக் கீழேயே விட்டுட்டு வந்துட்டேனுங்க" என்றார் இவர்.

அப்போது ஒரு பெண் மழையில் ஓடிவந்தாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு வழுக்கி விழுந்துட்டாருங்க! நந்திப் பாறைக்குத் தெக்கால, சரிவுல! கால் மடங்கிக் கெடக்கு, ரத்தம் நிக்கலை!"

"ரெண்டு பேரு துண்டை எடுத்துக்கிட்டு இந்தம்மாவோட போங்க. காயத்தை அழுத்திப் பிடிங்க, ஆளை அசைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, பொன்னுரங்கம் மைக்கை அழுத்தினார்.

"அடிவாரம், அடிவாரம், உச்சி பேசறேன். இங்க ஒருத்தர் விழுந்துட்டாரு. இடம் வந்து..."

ரேடியோவின் வெளிச்சம் அணைந்தது.

போன வருஷம் கேட்ட அதே வார்த்தைகள். இந்தத் தடவை அவை அவர் வாயிலிருந்தே வந்திருந்தன.

பையில் கட்டிங் பிளேயர் இருந்தது. ஒரு துண்டுக் கம்பியும் இருந்தது. நறுக்கிய அன்றே அதை எறியவேண்டும் என்றுதான் நினைத்தார், எறியவில்லை. போர்டின் இரண்டு முனையிலும் சேர்த்து முறுக்கினால் போதும். அவர் பெட்டியின் மூடியைத் திறந்தார்.

கொட்டகையிலேயே ஈரம்படாத இடம் பெட்டி இருந்த மூலைதான். அங்கே யாரோ ஒரு சாக்கை விரித்து ஒரு குழந்தையைப் படுக்கவைத்திருந்தார்கள். அது வாயைத் திறந்துகொண்டு தூங்கியது.

பொன்னுரங்கம் கம்பியைப் பைக்குள் போட்டார். மூடியை மூடினார். பாரம் இறங்கினால் போர்டு மறுபடி கரண்டை விடும் என்று ரேடியோ ஒயரைப் பேட்டரியிலிருந்து பிடுங்கினார். மூச்சை இழுத்து விட்டார். மறுபடி சொருகினார். வெளிச்சம் வந்தது. வெளிச்சத்தின் நடுவே ஐம்பது என்று தெரிந்தது.

அந்த எண்ணை அவர் உற்றுப் பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்தினார். இருபது வந்தது. இன்னொரு தடவை அழுத்தினார். ஐந்து. வாழ்நாளில் அவர் கை குறைக்கிற பக்கமாகப் போனது அதுதான் முதல் தடவை.

மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினார்.

"அடிவாரம், உச்சி பேசறேன். ஒருத்தர் விழுந்துட்டாரு. இடம், நந்திப் பாறைக்குத் தெற்கே, சரிவுல. கால் மடங்கியிருக்கு. ரத்தம் போகுது. டோலி வேணும். அந்த இடத்துல நம்ம ஆளுங்க ரெண்டு பேர் நிக்கறாங்க. ஓவர்."

வெளிச்சம் அணையவில்லை. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு பூங்கோதையின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல.

"உச்சி, முழுசாக் கேட்டுச்சு. நந்திப் பாறைக்குத் தெற்கே. டோலி கிளம்பியாச்சு. ரேடியோவை விட்டு நகராதீங்க. ஓவர்."

பொன்னுரங்கம் நகரவில்லை. டோலிக்காரர்கள் நேராக வந்தார்கள். அந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு இறங்கும்வரை பொன்னுரங்கமும் அடிவாரமும் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வார்த்தைகூட அறுபடவில்லை.

மறுநாள் இறங்கி வந்தவுடன் அவர் கேட்ட முதல் கேள்வி, "கால்?"

"ரெண்டும் இருக்குங்கண்ணா" என்றார் பூங்கோதை. "எலும்புல விரிசல் விட்டிருக்கு. படத்தை நானே எடுத்தேன். கூடிடும்."

பொன்னுரங்கம் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு அதன்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"அம்மிணி, ஒரு சந்தேகம். அம்பது வாட்ல ஆரம்பிச்சேனே, அது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு?"

"தெளிவா."

"அஞ்சுல?"

"தெளிவா."

"அப்ப மிச்சம் நாப்பத்தஞ்சு எங்க போச்சு?"

"நீங்க நின்னது மலை உச்சிங்கண்ணா. இடையில மறைக்க என்ன இருக்கு?"

பொன்னுரங்கம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. பையிலிருந்து கம்பித் துண்டை எடுத்துப் பூங்கோதையின் முன்னால் வைத்தார்.

"இதையும் கொண்டுபோயிருந்தேன். போர்டு அறுத்தப்ப இதை மறுபடியும் முறுக்கியிருந்தேன்னா?"

"தொட்டில் வரைக்கும் போய்த் திரும்பி வந்தவர்தானே நீங்க?"

அவர் கம்பித் துண்டைத் தள்ளிவைத்தார். பிறகு, மனசு கேளாமல், சிறுபிள்ளைபோல முறையிட்டார்.

"இருந்தாலும் குருவே, அஞ்சு போதும்னு அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்க மேஜைல சொல்லிட்டுத்தானே வந்தேன்" என்றார் பூங்கோதை.

பொன்னுரங்கம் பதில் சொல்ல வாயைத் திறந்தார். அந்தப் பொத்தான் ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டார்.