சாத்திய சன்னலுக்கு உள்ளே

சிஷ்யருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. குருவுக்குப் பாதிதான் நரை. அதில் இரண்டு பேருக்குமே வெட்கமில்லை.

சிஷ்யர் சந்தியாகு, அந்த மலை ஊரின் பங்குச் சாமியார். குரு ரிவ்கா, யூதப் பெண்மணி. பெரணிச் செடிகளை ஆராய வந்தவர், ஊர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார். ஊருக்கு அவர் செடி டீச்சர். வெள்ளைக்காரி என்றால் கிறிஸ்தவ வேதக்காரிதானே என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் பூசைக்கு வராததற்கு முழங்கால் வலிதான் காரணம் என்று அவர்களே முடிவு கட்டியும் விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமைதோறும் சாமியார் அவர் வீட்டுக்குப் போவார். இருவரும் பைபிளிலுள்ள திருப்பாடல்களை எபிரேயத்தில் வாசிப்பார்கள். வாசிப்பார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பாதி நேரம் சண்டைதான்.

"இந்த வரி கிறிஸ்துவைத்தான் சொல்லுது" என்பார் இவர்.

"எழுதினவர் அவரோட கஷ்டத்துக்கு அழுதிருக்கார். அழுகையையாவது அவருக்கே விட்டுவைங்க, ஃபாதர்" என்பார் அவர்.

இப்படி வருஷக்கணக்காகப் போனது. சாமியாருக்கு அந்த ஊரில் மனசு விட்டுச் சண்டை போட வேறு ஆள் கிடையாது.

தவக்காலம் முடியப்போகிற சமயம். சாமியார் அன்று உற்சாகமாகப் போய் உட்கார்ந்தார்.

"டீச்சர், நல்ல சேதி. மழையில கோவில் ரோடு சரிஞ்சு கிடக்குல்ல? அதனால இந்த வருஷம் பெரிய வெள்ளி சிலுவைப்பாதை உங்க தெரு வழியா வருது. ஆண்டவர் மூணாவது தடவை விழுற இடம் உங்க வாசல்லதான். பசங்க வேஷம் கட்டி, 'சிலுவையில் அறை'ன்னு கத்திட்டே வருவாங்க. பாக்கத் தத்ரூபமா இருக்கும்."

ரிவ்கா புத்தகத்தை மூடினார்.

"அப்ப அதுக்கு முன்னாடி நான் கிளம்பிடறேன்."

"எங்க?"

"இஸ்ரேலுக்கு, ஹைஃபாவுக்கு. அண்ணன் ரொம்ப நாளா வா வான்னு கூப்பிட்டுட்டு இருக்கார்."

"போயிட்டு எப்ப வருவீங்க?"

"வரதா இல்ல, ஃபாதர்."

சாமியாருக்கு ஒன்றும் ஓடவில்லை. தான் என்ன சொல்லிவிட்டோம் என்று யோசித்துப் பார்த்தார். தெரு என்றோம், ஊர்வலம் என்றோம். இதில் ஊரை விட்டுப் போக என்ன இருக்கிறது?

ரிவ்கா தானே சொன்னார். அவருடைய தாத்தா போலந்தில் ஒரு சின்ன ஊரில் தையற்காரர். பெரிய வெள்ளிக்கிழமை வந்தால் அந்த ஊர் யூதர்கள் எல்லாரும் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்கள். ஆண்டவரைக் கொன்றவர்கள் யூதர்கள்தான் என்று கோவிலில் பிரசங்கம் நடக்கும், அது முடிந்து ஊர்வலம் கிளம்பும். சில வருஷம் சும்மா போகும். சில வருஷம் கல் விழும். ஒரு வருஷம் கதவை உடைத்தார்கள்.

"எங்க அம்மா ஹைஃபாவுக்கு வந்து குடியேறினாங்க. எங்க தெருவுல ஊர்வலமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. இருந்தாலும் அன்னைக்கு மத்தியானம் சன்னலைச் சாத்திடுவாங்க. நானும் சாத்தறேன். இந்த ஊர்லயும் ஒவ்வொரு வருஷமும் சாத்திட்டுத்தான் உக்காந்திருந்தேன். இத்தனை நாள் உங்க ஊர்வலம் வேற தெருவுல போச்சு, சமாளிச்சேன். வயசானா பயம் குறையும்னு நெனச்சேன். கூடுதுங்க."

சாமியாருக்கு முகம் சுருங்கிப்போனது. இத்தனை வருஷம் எதிரே உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோம், இது தெரியாமல் போயிற்றே என்று அவருக்கு வருத்தம் தாங்கவில்லை.

ஆனால் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை. கோவிலுக்குப் போனதும் சிலுவைப்பாதைப் பாட்டுப் புத்தகத்தை எடுத்தார். அதில் யூதரைத் திட்டுகிற இடங்களையெல்லாம் தேடித் தேடி அடித்தார். 'யூதர்' என்று இருந்த இடத்தில் 'பகைவர்' என்று எழுதினார். ஊர் முழுக்கப் புதுப் பிரதி கொடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ரிவ்காவிடம் ஓடினார்.

"எல்லாத்தையும் அடிச்சாச்சு டீச்சர். நீங்க தைரியமா சன்னலைத் திறந்து வைக்கலாம். வராண்டாவுல வந்து நில்லுங்க. நான் மைக்குல உங்களை அறிமுகப்படுத்தறேன். நம்ம யூதச் சகோதரின்னு சொல்றேன். ஜனங்க கைதட்டுவாங்க."

ரிவ்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பெரிய வெள்ளிக்கிழமை கைதட்டுவாங்களா?"

"சரி, தட்ட மாட்டாங்க." சாமியார் பிரதியை மேசைமேல் வைத்தார். அதற்குமேல் அவரிடம் யோசனை எதுவும் இல்லை. "நீங்க போகக்கூடாது டீச்சர். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நான் என்ன செய்யணும், சொல்லுங்க."

ரிவ்கா எழுந்து போய் இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து சன்னலுக்குப் பக்கத்தில் போட்டார்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம் இதுல வந்து உக்காருங்க."

"அன்னைக்கா? நான்தானே ஊர்வலத்தை நடத்தணும்?"

"தெரியும்."

"பங்குச் சாமியார் இல்லாம சிலுவைப்பாதை நடந்ததே இல்லையே."

"அதுவும் தெரியும். நீங்க வந்தா வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கேன். மிச்சத்தை அப்புறம் பாத்துக்கலாம்."

சாமியாருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பெரிய வியாழன் பூசை முடிந்ததும் உபதேசியார் ராயப்பனைக் கூப்பிட்டு, நாளைக்கு ஊர்வலத்தை நீரே நடத்தும் என்றார்.

"சாமிக்கு உடம்பு சரியில்லையா?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஒரு வீட்டுல உக்காந்திருக்கணும்."

யாரோ சாகக் கிடக்கிறார்கள் போல என்று ராயப்பன் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் சாமியார் போனபோது ரிவ்கா சன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். மரச் சன்னல்கள். சாத்தியதும் வீடு இருட்டிவிட்டது.

"உங்களுக்கு ஒருசந்தி, சாப்பிட மாட்டீங்க. எனக்குப் பாஸ்கா வாரம், புளிச்ச மாவு ஆகாது, வீட்டுல ரொட்டியே கிடையாது. உபசாரத்துக்கு வழியில்ல, உக்காருங்க" என்றார்.

இருவரும் உட்கார்ந்தார்கள்.

பிறகு தூரத்தில் மரக்கட்டை தட்டுகிற சத்தம் கேட்டது. பெரிய வெள்ளியில் கோவில் மணி அடிக்கமாட்டார்கள், கட்டையைத்தான் தட்டுவார்கள். அதைத் தட்டச் சொல்லிக்கொடுத்தவரே சாமியார்தான். திறந்த தெருவில் அது துக்கமான சத்தம். இந்த இருட்டறையில் அது யாரோ எதையோ உடைத்துக்கொண்டு வருகிற மாதிரி கேட்டது. சாமியார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காலடிச் சத்தம் நெருங்கியது. முதலில் பத்துப் பேர் மாதிரி இருந்தது. பிறகு ஊரே வருகிற மாதிரி இருந்தது. நடுநடுவே பசங்கள் கத்தினார்கள்.

"சிலுவையில் அறை! அறை!"

அத்தனை பேரும் அவர் ஞானஸ்நானம் கொடுத்த பிள்ளைகள். வாசலுக்கு நேரே ஊர்வலம் நின்றது. ராயப்பன் செபம் சொன்னார். பிறகு மதலேன் பாட்டை எடுத்தாள். மார்க்கெட்டில் கேரட் விற்கிறவள், கோவிலில் அவள் பாடினால் கல்லும் கரையும் என்பார்கள். அவள் புதுப் பிரதியைப் பார்த்துப் பாடவில்லை. சின்ன வயதிலிருந்து மனப்பாடமாக வருவதைப் பாடினாள். சாமியார் அடித்த சொல் அப்படியே வந்தது. ஊரே சேர்ந்து அதைத் திருப்பிப் பாடியது.

"நான் அடிச்சுட்டேனே" என்றார் சாமியார், மெல்ல.

"காகிதத்துல அடிச்சீங்க."

சாமியார் ரிவ்கா பக்கம் குனிந்தார்.

"டீச்சர், பயப்படாதீங்க. இவங்க அப்படிப்பட்டவங்க இல்ல. இந்த வீட்டுல ஒரு யூதர் இருக்கிறதே இவங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு குரலும் யாரோடதுன்னு எனக்குத் தெரியும்."

"என் தாத்தாவுக்கும் தெரியும், ஃபாதர்" என்றார் ரிவ்கா. "ஊர்ல எல்லாருக்கும் சட்டை தைச்சுக் கொடுத்தவர் அவர். உள்ள உக்காந்துகிட்டே பாட்டிகிட்ட சொல்லுவாராம், இது பேக்கரிக்காரன் குரல், இது பக்கத்து வீட்டுப் பையன் குரல்னு."

அப்போது கதவு தட்டப்பட்டது.

மெல்லத் தட்டவில்லை, படபடவென்று தட்டினார்கள். வெளியே ஒரே கூச்சல். மறுபடியும் தட்டினார்கள்.

சாமியாருக்கு அது மதலேன் என்று தெரியும். "அம்மா, அம்மா" என்று அவள் கூப்பிடுவது நன்றாகக் கேட்டது. எழுந்து போய்த் திறக்கவேண்டும் என்றும் தெரியும். ஆனால் கால் வரவில்லை. தன் கோவிலில் பாடுகிற பெண்ணுக்கு, வாரம் தவறாமல் தன்னிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிறவளுக்கு, கதவைத் திறக்க அவர் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். சொன்னால் யார் நம்புவார்கள்? அவருக்கே நம்ப முடியவில்லை.

ரிவ்கா ஒருமுறை சாமியாரைப் பார்த்தார். பிறகு எழுந்தார். மெதுவாக நடந்துபோய்த் தாழ்ப்பாளை எடுத்தார்.

வெயில் வீட்டுக்குள் வந்தது.

"அம்மா, கொஞ்சம் தண்ணி கொடுங்களேன்" என்றாள் மதலேன். "பெரியவர் ஒருத்தர் ஒருசந்தியோட நடந்து வந்து மயங்கிட்டாரு."

ரிவ்கா குடத்தோடு தூக்கிக் கொடுத்தார். விசிறி எடுத்துக் கொடுத்தார். பெரியவரை வராண்டா நிழலில் படுக்கவைக்கச் சொன்னார். தலைக்கு ஒரு தலையணையும் கொண்டுபோய் வைத்தார். பசங்கள் வேஷத்தோடு கைபிசைந்து நின்றார்கள். தண்ணீர் தெளித்ததும் பெரியவர் கண்ணைத் திறந்தார். ராயப்பன் ஆண்டவருக்கு நன்றி சொன்னார், டீச்சருக்கும் சொன்னார்.

குடத்தைத் திருப்பித் தர வந்த மதலேன் உள்ளே எட்டிப் பார்த்தாள். சன்னல் சாத்திய அறையில் அவளுடைய சாமியார் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"சாமி, நீங்க இங்கதான் இருக்கீங்களா? யாருக்கு என்ன?"

மதலேன் அவரைப் பார்த்தாள், மூடியிருந்த சன்னல்களைப் பார்த்தாள், ரிவ்காவைப் பார்த்தாள். ஏதோ கேட்க வந்தவள் கேட்காமலே இறங்கிப் போனாள்.

ஊர்வலம் சிலுவைப்பாதையின் அடுத்த நிலைக்கு நகர்ந்தது. மதலேன்தான் பாட்டு எடுக்கவேண்டும். புதுப் பிரதியில் சாமி மாற்றியிருந்த சொல்லையே பார்த்துக்கொண்டு நடந்தாள், எடுக்கவில்லை. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, பாட்டில்லாமலே அந்தத் தெருவின் கோடி வரைக்கும் நடந்தார்கள்.

ரிவ்கா திரும்பி வந்து உட்கார்ந்தார். கதவை அவர் சாத்தவில்லை.

கட்டைச் சத்தம் தேய்ந்து போனது.

"எனக்கே எழுந்திருக்க முடியல. நீங்க எப்படித் திறந்தீங்க, டீச்சர்?"

"என் தாத்தா பக்கத்துல அந்த ஊர்க் கோவில்காரங்க யாரும் இப்படி வந்து உக்காரல."

சாமியார் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். அழுதார். வெளியே வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. வெகுநேரம் கழித்து அவர் கேட்டார்.

"அப்ப ஹைஃபா?"

"அடுத்த வருஷம் வரும்போது" என்றார் ரிவ்கா, "மதலேனையும் கூட்டிட்டு வாங்க."